வடசென்னையில் ஆய்வுக்கூடத்துக்கு இடம் பார்ப்பது எப்படி

பெரிய கம்பெனிகள் ஆய்வுப் பிரிவை ஆலையை ஒட்டி வைக்கும்; இல்லையென்றால் படித்த ஆள் கிடைக்கும் பக்கம் கொண்டுபோகும். அசோக் லேலண்டுக்கு எண்ணூரில் ஆலை, மணலி புதுநகர் பக்கம் வெள்ளிவாயல்சாவடியில் தொழில்நுட்ப மையம். திருவொற்றியூரில் 1955இல் தொடங்கிய ராயல் என்ஃபீல்டோ 2017இல் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு மையம் திறந்தது.

ஆகவே மனை விலை கேட்குமுன் கருவிப் பட்டியலை எழுதுங்கள். எஞ்சின், எண்ணெய், பெயின்ட் சோதனை என்றால் வடசென்னை தோது. எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் வேண்டுமென்றால் முதலில் தரை அதிர்வை அளந்தாக வேண்டும். நுட்பமான கருவிக்கு விசி-இ என்ற அதிர்வு வரம்பு, அதாவது தரை அதிரும் வேகம் வினாடிக்கு 3 மைக்ரோமீட்டருக்குள். 400 மடங்கு காட்டும் சாதாரண மைக்ராஸ்கோப்புக்கு 50 வரை தாங்கும். பகலில் ஒரு மணி நேரம் அளந்துவிட்டு வந்தால் ஏமாந்தீர்கள். துறைமுகத்துக் கன்டெய்னர் லாரிகள் ராத்திரியும் ஓடும். மூன்று நாள், இரவு பகலாக அளக்கவும். கும்மிடிப்பூண்டி ரயில் பாதை அருகே என்றால், மின்ரயில் போகும்போது காந்தப்புலத்தையும் பாருங்கள்.

அடுத்தது உப்புக்காற்று. 10க்கு 15 செ.மீ. மென்எஃகுத் தகட்டை எண்ணெய்ப் பசை போகத் துடைத்து, எடை போட்டு, மனையில் திறந்தவெளியில் ஓராண்டு மாட்டுங்கள். (பத்திரம் முடியவே அவ்வளவு நாள் ஆகலாம்.) துருவை அமிலக் கரைசலில் நீக்கிய பிறகே மறுபடி எடை போட வேண்டும், துருவோடு போட்டால் எடை கூடித்தான் காட்டும். சுமார் 12 கிராம் குறைந்திருந்தால் 50 மைக்ரோமீட்டர் அரிப்பு, காற்றின் அரிப்புத் தன்மையை வகைப்படுத்தும் ஐஎஸ்ஓ 9223 தரநிலைக் கணக்கில் சி4, அதாவது அரிப்பு அதிகம். 19 கிராமைத் தாண்டினால் அதைவிடக் கடுமையான சி5: ஏசி கண்டென்சர், மின்பலகை எல்லாம் அரிப்புத் தடுப்புப் பூச்சோடுதான் வாங்க வேண்டும்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பக்கத்து டீக்கடையில் கேட்டு, காம்பவுண்டுச் சுவர்க் கறையோடு ஒப்பிடுங்கள். மின்பலகை அதற்கு மேல்தான் இருக்க வேண்டும். எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய மனையா? கட்டடத்துக்குக் கட்டுப்பாடுள்ள இடங்களைக் காட்டும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தைப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

விம்கோ நகர் வரை 2021 முதல் மெட்ரோ உண்டு. அதற்கு அப்பால் கும்மிடிப்பூண்டி மின்ரயில், இல்லையென்றால் பஸ்தான். வேளச்சேரியில் குடியிருப்பவரை எடுப்பதானால், திங்கட்கிழமை காலை 7 மணிக்கு அங்கிருந்து மனைவரை ஒருமுறை நீங்களே வந்து பாருங்கள்.