எல்லைப் பிரச்சினையைச் சண்டையில்லாமல் விவாதிப்பது எப்படி?

பாம்பனிலோ தங்கச்சிமடத்திலோ டீக்கடையில் எல்லைப் பிரச்சினையைத் தொட்டால் இரண்டே நிமிடத்தில் பேச்சு கச்சத்தீவில் போய் நிற்கும். அதனால் முதலில் முடிச்சைப் பிரியுங்கள். மீன்பிடிக்கப் போய்க் கைதாவது ஒரு விஷயம், மண்டபம் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழ் அகதிகளின் குடியுரிமை வேறு விஷயம்.

மீன்பிடி என்றால், கச்சத்தீவை இலங்கைப் பக்கம் விட்ட 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு வாருங்கள். நம் மீனவர்களும் யாத்ரீகர்களும் கச்சத்தீவுக்கு முன்போலவே போய்வரலாம் என்கிறது, மீன்பிடிக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை, சண்டையே அங்கேதான். அப்புறம் இழுவைமடி. கடலடியை வாரும் இந்த முறையை இலங்கை 2017இல் தடை செய்தது. அந்தப் பக்கம் வலை அறுபட்டு நிற்பவர்களும் தமிழ் மீனவர்கள்தான் என்பதை யாராவது சொல்லியாக வேண்டும், முறைப்பார்கள், பரவாயில்லை. ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாறச் சொல்பவரிடம் படகுக் கடனை யார் கட்டுவது என்று கேளுங்கள்.

முகாம் விஷயத்தில் 'எல்லோருக்கும் கொடு', 'எல்லோரையும் அனுப்பு' இரண்டையும் ஒதுக்குங்கள். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்றோடு நிற்கிறது, இலங்கை அதில் இல்லை. ஆனால் 1987 ஜூலை 1க்கு முன் இந்த மண்ணில் பிறந்தவர் சட்டப்படி பிறப்பாலேயே இந்தியர். அதற்குப் பின் இங்கே பிறந்து, யாழ்ப்பாணத்தையே பார்க்காத பிள்ளைக்கு என்ன வழி? பேச்சை அந்தக் கேள்வியில் நிறுத்திப் பாருங்கள், ஊருக்குத் திரும்ப ஆசைப்படும் தாத்தாவுக்கும் அதே பதில் பொருந்துமா என்று.