ஏர் ரைபிளில் கை வைக்கும் முன்: வாரண்டியைப் பறிகொடுக்கும் தவறுகள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பக்கத்தில் நின்ற பதினோராம் வகுப்புப் பையன் தன் புது ஏர் ரைபிளை மேசையில் வைத்தான். பெல்லட் என்ற சின்னக் குண்டு உள்ளே இல்லை, குழலில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நூல் செருகியிருந்தது, எல்லாம் முறைப்படி. "அண்ணா, ட்ரிக்கரைக் கொஞ்சம் லேசாக்கப் போறேன், பாருங்க" என்றான். வாங்கி ஆறு வாரம்தான் ஆகிறது. ட்ரிக்கர் பெட்டியின் திருகுத் தலையில், யாராவது திருகைத் தொட்டால் தெரியட்டும் என்று கம்பெனி வைத்த சிவப்புப் பெயிண்ட் பொட்டு நடுவில் வெடித்திருந்தது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது. பதினைந்து வருடங்களுக்கு முன் என் துப்பாக்கியிலும் இதே இடத்தில் இதே வெடிப்பு.

பில்லைத் தொலைக்காதே, பெட்டியைப் பத்திரமாக வை என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன். நானும் செய்து, எனக்குப் பின் வந்தவர்களும் திரும்பத் திரும்பச் செய்வதை மட்டும் எழுதுகிறேன். பேசப்போவது 10 மீட்டர் பயிற்சிக்கு நம் ஊர்ப் பிள்ளைகள் வாங்கும் 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைபிள், ஏர் பிஸ்டல் பற்றி. லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு வாரண்டி இரண்டாம் பட்சம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, அதற்கென்று உரிமம் இல்லாமல் குழலை வெட்டிக் குறைத்தாலே குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒரு வகைத் துப்பாக்கியை இன்னொரு வகையாக மாற்றுவதும் அதில் சேர்ந்துவிட்டது.

ட்ரிக்கர் கொக்கியை அரத்தால் தொடுவது

இதைத்தான் நீளமாக எழுத வேண்டும். இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

ஸ்பிரிங்கால் பிஸ்டனைத் தள்ளி, அந்தக் காற்றால் சுடும் துப்பாக்கியை இழுத்துப் பூட்டியதும், அந்த முழு ஸ்பிரிங்கின் பலத்தையும் பிடித்து நிறுத்துவது சியர் என்ற சின்னக் கொக்கி. அதன் விளிம்பும் பிஸ்டனின் விளிம்பும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டிருக்கும். கவ்வும் இடம் சுண்டுவிரல் நகத்தின் ஓரம் அளவுகூட இருக்காது. ட்ரிக்கரை இழுத்தால் அந்தக் கவ்வல் நழுவி ஸ்பிரிங் விடுபடும். பல துப்பாக்கிகளில் இந்தக் கொக்கியின் மேல்தோலை மட்டும் சூட்டில் கடினமாக்கியிருப்பார்கள். உள்ளே இருப்பது மென்மையான இரும்பு. அரம் போட்டால் முதலில் போவது அந்தத் தோல்தான்.

எனக்கு அப்போது இது எதுவும் தெரியாது. ட்ரிக்கர் கனமாக இருக்கிறது, அதனால்தான் இலக்கின் நடுவில் பத்து விழாமல் ஒன்பதும் எட்டுமாக விழுகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்குப் பக்கத்து லேத் பட்டறையில் கொடுத்தேன். அவர் நல்ல தொழில்காரர், மோட்டார் பம்பு பாகங்களை மயிரிழை அளவுக்குக் கடைந்து கொடுப்பவர். அவர் மேல் எந்தக் குறையும் இல்லை, சொன்னதைச் செய்தார். கொக்கியை அரத்தால் இரண்டு இழுப்பு, உப்புத்தாளால் பளபளப்பு, 150 ரூபாய். வீட்டுக்கு வந்து இழுத்துப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி இருந்தது.

மூன்று வாரம் அந்தச் சந்தோஷம். நாலாவது வாரம், குழலை மடக்கி, கட்டைவிரலால் பெல்லட்டை அழுத்திக்கொண்டிருக்கும்போதே கொக்கி நழுவியது. மடங்கியிருந்த குழல் அடித்துக்கொண்டு மேலே எழும்பி மூடியது. விரலை எடுத்தேனா, அதுவே வந்ததா, இன்றுவரை தெரியாது. நகம் போயிற்று, விரல் தப்பியது. மரக்கட்டை கைப்பிடிக்குப் பக்கத்தில் விரிசல் விட்டது. குழல் லேசாக மேல்நோக்கி வளைந்துவிட்டது.

விஷயம் அதோடு முடியவில்லை. அந்தத் துப்பாக்கியில் முதல் மாதத்திலிருந்தே வேறொரு கோளாறு இருந்தது. காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீல் சரியாக உட்காரவில்லை. காற்று கசிந்து பெல்லட் ஒருநாள் மேலே, ஒருநாள் கீழே என்று விழுந்துகொண்டிருந்தது. அது தயாரிப்பிலேயே வந்த குறை. பெல்லட் மேலும் கீழுமாக விழுந்தது அதனால்தான், ட்ரிக்கரால் அல்ல. அனுப்பினால் ஒரு மாதம் பயிற்சி கெடும் என்று தள்ளிப்போட்டிருந்தேன். விரல் அடிபட்ட பிறகுதான் அனுப்பினேன். பதிலோடு ஒரு படமும் வந்தது. பெரிதாக்கி எடுத்த கொக்கியின் படம். அதில் அரத்தின் கோடுகள் உழுத வயலின் சால் மாதிரி வரிசையாகத் தெரிந்தன. ட்ரிக்கர் பகுதி, குழல், கட்டை மூன்றுக்கும் வாரண்டி இல்லை. அது நியாயம். ஆனால் பிரித்த துப்பாக்கி என்பதால் சீலுக்கும் இல்லை என்றுவிட்டார்கள். குறை அவர்கள் பக்கம்தான் என்று நிரூபிக்க என்னிடம் ஒன்றும் மிஞ்சவில்லை. எல்லாம் சேர்த்து துப்பாக்கி விலையில் பாதிக்கு மேல் கைக்காசு போட்டேன்.

இதில் என்னை இன்னும் குடைவது ஒன்று உண்டு. கூடவே வந்த கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் ட்ரிக்கரைச் சரிசெய்யும் திருகுக்குப் படம் போட்டிருந்தது. சின்ன அலன் கீ ஒன்றும் பையில் இருந்தது. அரைச் சுற்று திருப்பியிருந்தால் எனக்கு வேண்டியது கிடைத்திருக்கும், வாரண்டிக்கும் எதுவும் ஆகியிருக்காது. சரிசெய்வது வேறு, மாற்றுவது வேறு. கையேட்டில் படம் போட்ட திருகைத் தாராளமாகத் திருப்பலாம். பெயிண்ட் வைத்த திருகைத் தொடக்கூடாது.

பிஸ்டல் சுடுகிறவர்களுக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் ட்ரிக்கர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். போட்டியில் எடைக்கல்லைத் தொங்கவிட்டுப் பார்ப்பார்கள். அரம் போட்ட கொக்கி வீட்டில் 500 காட்டும், தேய்ந்து தேய்ந்து போட்டியன்று விட்டுவிடும். ஏர் ரைபிளுக்கு அந்தக் குறைந்தபட்ச எடை கிடையாது. அதனால்தான் ரைபிள் பிள்ளைகள் இந்த வேலைக்கு இன்னும் துணிகிறார்கள்.

பலமான ஸ்பிரிங்

"வேகம் கூடினால் நேராகப் போகும்" என்று யாரோ சொல்லிவிடுகிறார்கள். போட்டித் துப்பாக்கியின் ஆற்றல் சுமார் 7.5 ஜூல்தான். ஜெர்மனியில் அதற்கு மேற்படாத ஏர் துப்பாக்கிகளில் ஐங்கோணத்துக்குள் எஃப் என்ற எழுத்தைப் பொறிப்பார்கள், நீங்களே பார்த்திருப்பீர்கள். அரை கிராமுக்குச் சற்று மேற்பட்ட பெல்லட் நொடிக்கு 170 மீட்டர் வேகத்தில் போனால் அந்தக் கணக்கு வந்துவிடும். ஒலிம்பிக்கில் பத்துகள் விழுவது அந்த வேகத்தில்தான்.

தடிமனான ஸ்பிரிங்கைத் திணித்தால் அதிர்ச்சி கூடும், சீல் அடிபடும், ஸ்கோப் போட்டிருந்தால் உள்ளே உள்ள கோடு அறுந்து அந்த ஸ்கோப்பின் வாரண்டியும் சேர்ந்து போகும். அதைவிட முக்கியம் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு உட்பட்ட, 4.5 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஏர் துப்பாக்கிக்குத்தான் லைசென்ஸ் தேவையில்லை. கடையில் லைசென்ஸ் இல்லாமல் வாங்கிய பொருளை வீட்டில் ஒரு ஸ்பிரிங் போட்டு அந்தக் கோட்டைத் தாண்ட வைத்தால், அப்புறம் வாரண்டி அட்டையைத் தேடி எந்தப் பயனும் இல்லை.

அமெரிக்க வீடியோவை நம்பி வாதாடுவது

"நான் போட்ட பாகத்தால்தான் கெட்டது என்று கம்பெனிதானே நிரூபிக்கணும்?" இதை என்னிடம் மூன்று பேராவது கேட்டிருக்கிறார்கள். அவர்கள் பார்த்த வீடியோ அமெரிக்காவில் எடுத்தது. அங்கே 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டம் இருக்கிறது. எங்கள் பெயர் போட்ட பாகத்தை மட்டுமே போட்டால்தான் வாரண்டி என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை வைக்க முடியாது. அங்கேயும்கூட, நீங்கள் செய்த மாற்றத்தால் வந்த சேதத்தை அவர் ஏற்க வேண்டியதில்லை.

இங்கே அந்தச் சட்டம் இல்லை. பெட்டிக்குள் வரும் தாளில் என்ன எழுதியிருக்கிறதோ அதிலிருந்துதான் பேச்சு தொடங்கும். பெரும்பாலான தாள்களில், அனுமதி இல்லாத இடத்தில் பிரித்தால் வாரண்டி முடிந்தது என்று ஒரே வரியில் இருக்கும். தயாரிப்புக் குறை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்தான். கை படாத துப்பாக்கியோடு போனால் உங்கள் பக்கம் பலமாக இருக்கும். அரம் பட்ட துப்பாக்கியோடு போனால் முதல் கேள்வியே உங்களுக்குத்தான். காயம் பட்டு நஷ்டஈடு கேட்கும் நிலை வந்தால் இன்னும் சிக்கல். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் 87ஆம் பிரிவு, பாதிப்பு நடந்த நேரத்தில் பொருள் மாற்றப்பட்டிருந்தால் விற்றவர் மேல் அந்த வழக்குப் போட முடியாது என்கிறது.

எண்ணெய்

காற்று அழுந்தும் அறைக்குள் தையல் மிஷின் எண்ணெய் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் அது பற்றிக்கொள்ளும், சீல் கருகும். பிரித்துப் பார்ப்பவர் கரியைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவார்.

காற்று சிலிண்டர்

திறக்காதீர்கள். ஸ்பிரிங்குக்குப் பதில் அழுத்திய காற்றால் சுடும் துப்பாக்கிகளின் சிலிண்டருக்குள் இருப்பது 200 பார் அழுத்தம்.

சிலிண்டரில் தேதி போட்ட ஸ்டிக்கரைச் சுரண்டுவதும் கூடாது. போட்டித் துப்பாக்கிகளின் சிலிண்டருக்கு 10 ஆண்டு என்று தயாரிப்பாளர்கள் கெடு வைத்திருக்கிறார்கள். தயாரிப்புத் தேதி தெரியாத சிலிண்டரோடு போனால் போட்டியில் உபகரணச் சோதனை மேசையிலேயே நிறுத்திவிடக்கூடும்.

கழற்றிய பாகம்

டப்பாவில் போட்டு வையுங்கள்.

பழையதை மாட்டி மறைப்பது

இதைச் செய்யாதீர்கள். சர்வீஸில் உட்கார்ந்திருப்பவர் ஒரு நாளைக்கு எத்தனையோ துப்பாக்கிகளைப் பிரிக்கிறவர். திருகுத் தலையின் கீறலே அவருக்குப் போதும். ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டால் நியாயமான புகாரையும் நம்ப மாட்டார். என்ன செய்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள் என்று ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்து அனுப்புங்கள். நான் பார்த்தவரை, ஒளிக்காமல் சொன்னவர்களுக்குப் பாதிச் செலவிலாவது வேலை முடிந்திருக்கிறது.

தாராளமாகச் செய்யக்கூடியவை

கன்னம் படும் பலகையை ஏற்றி இறக்கலாம். தோள் தகட்டைத் தள்ளலாம். பின்பக்கக் குறிபார்க்கும் கருவியை மாற்றலாம். கொடுத்திருக்கும் துளைகளில் எடை சேர்க்கலாம், குறிபார்க்கும் கருவியோடு ரைபிளின் மொத்த எடை போட்டி வரம்பான 5.5 கிலோவைத் தாண்டாத வரை. ஒன்பது அடிக்கிறவர் பத்துக்குப் போவது பெரும்பாலும் இந்த இடங்களில்தான். ட்ரிக்கர் பெட்டிக்குள் அல்ல.

அந்தப் பையன் நல்லவேளையாகப் பெயிண்ட் வைத்த திருகைக் கால் சுற்றுதான் திருப்பியிருந்தான், பெட்டியைத் திறக்கவில்லை. அவனோடு உட்கார்ந்து படம் எடுத்து, நடந்ததை நாலு வரியில் எழுதி, வாங்கிய இடத்துக்கு அனுப்ப வைத்தேன். துப்பாக்கியை அனுப்பச் சொன்னார்கள். சரிபார்த்து, புதுப் பெயிண்ட் வைத்து, வேலைக்கூலி மட்டும் வாங்கிக்கொண்டு திருப்பித் தந்தார்கள். வாரண்டி அப்படியே இருக்கிறது. போன ஞாயிறு அவன் கையேட்டையும் அலன் கீயையும் மேசையில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அரைச் சுற்று அரைச் சுற்றாகத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் பத்துப் பெல்லட் சுட்டு நோட்டில் குறித்துக்கொண்டிருந்தான்.