தொந்தரவு இல்லாத வால்வு கசிவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓசூர் தொழிற்சாலைகளின் உடல் பரிசோதனையிலோ, தர்மபுரியில் வேறொரு அறுவை சிகிச்சைக்கு முன்பு எடுக்கும் எக்கோ எனும் இதய ஸ்கேனிலோ இதய வால்வில் கசிவு என்று எழுதி வந்ததும், ஓட்டத்தையும் கபடியையும் அன்றே நிறுத்திவிடுவோர் உண்டு. வால்வின் அமைப்பு சரியாக இருந்து, கசிவு மிகச் சிறியது என்றால் இது வீண் பயம். ஆரோக்கியமான பலருக்கும் எக்கோவில் அது தென்படும்.

ஆபத்தான தவறு இதற்கு நேர் எதிரானது. கடுமையான கசிவு இருந்தும், மூச்சு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுபரிசோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். பின்னோக்கி வரும் ரத்தத்தையும் சேர்த்துத் தள்ளுவதற்காக இடது கீழறை மெல்ல விரிந்து ஈடுகொடுப்பதால் ஆண்டுக்கணக்கில் ஒன்றும் தெரியாது. அதற்குள் தசை தளர்ந்துவிடக்கூடும். நோயாளியும் தன்னை அறியாமலே வேலையைக் குறைத்துக்கொள்வார். சந்தூர் மாந்தோப்பில் கூடையை ஒரே மூச்சில் சாலை வரை சுமந்தவர், இப்போது பாதி வழியில் இறக்கிவைத்துத் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு, வயசாகுது என்பார். மருத்துவர் கேட்டாலும் தொந்தரவு இல்லை என்றே சொல்வார். வீட்டம்மாவைக் கேட்டால்தான் உண்மை வரும். சந்தேகம் இருந்தால் டிரெட்மில் பரிசோதனை உதவும்.

இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை தன்னிடமுள்ள ரத்தத்தில் வெளியே தள்ளும் பங்கு) 60 சதவீதம் என்றால் நார்மல் என்று நிம்மதியடைவது இன்னொரு பிழை. இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு கசியும்போது ரத்தத்தின் ஒரு பகுதி அழுத்தம் குறைந்த மேலறைக்கே எளிதாகத் திரும்பிவிடுவதால், அந்த எண் இதயத்தின் உண்மையான வலிமையை மிகைப்படுத்திக் காட்டும். வால்வின் சொந்தக் கோளாறால் கடுமையாகக் கசியும்போது, இ.எஃப். 60 அல்லது அதற்குக் கீழே இறங்கினாலோ, சுருங்கிய நிலையில் கீழறையின் விட்டம் 40 மி.மீ.யைத் தொட்டாலோ, தொந்தரவு இல்லாதவருக்கும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படும். இடது கீழறையிலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வழியிலுள்ள அயோர்டிக் வால்வுக்கு இந்த அளவுகள் வேறு. ஆகவே பழைய எக்கோ அறிக்கைகளைத் தூக்கிப் போடாதீர்கள். எண்கள் எப்படி மாறுகின்றன என்பது அவற்றை ஒப்பிட்டால்தான் தெரியும். பொதுவாகக் கடுமையான கசிவுக்கு 6 முதல் 12 மாதங்களிலும், நடுத்தரத்துக்கு 1 முதல் 2 ஆண்டுகளிலும் எக்கோ எடுப்பார்கள்.

ரத்த அழுத்த மாத்திரையை விடுவதும், ரூமாட்டிக் காய்ச்சல் (தொண்டைத் தொற்றைத் தொடர்ந்து வந்து இதய வால்வைப் பாதிக்கக்கூடியது) வந்தவர்கள் பென்சிலின் ஊசியைத் தாங்களாகவே நிறுத்துவதும் கசிவை மோசமாக்கக்கூடியவை. பல் சொத்தையையும் அலட்சியப்படுத்தக் கூடாது; வாயிலிருக்கும் கிருமி ரத்தத்தில் கலந்து வால்வில் தொற்றக்கூடும். காரணம் தெரியாத காய்ச்சல் நாள் கணக்கில் நீடித்தால், மெடிக்கலில் ஆன்டிபயாட்டிக் வாங்கி விழுங்காமல், மருத்துவரிடம் வால்வு கசிவைச் சொல்லி முதலில் ரத்த கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பரிசோதனை) எடுக்க வேண்டும். மாத்திரை முந்திக்கொண்டால் வால்வில் தொற்றிய கிருமி பரிசோதனையில் சிக்காமல் போகலாம்.