சென்னைப் புழுக்கத்தில் பைப் புகையிலையை ஜாடி போட்டுப் பழசாக்குவது எப்படி

2019 நவம்பரில் நான் போட்ட நான்கு ஜாடிகளில் மூன்று குப்பைக்குப் போயின. மூடியைத் திறந்ததும் நனைந்த சாக்கின் வாசம். உள்ளே பஞ்சு பஞ்சாகப் பூஞ்சை. ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்த வர்ஜீனியா ஃப்ளேக் (அழுத்தி வில்லையாக வெட்டிய வர்ஜீனியா இலை) அத்தனையும் போச்சு. அதற்கப்புறம் என்ன தப்பு செய்தேன் என்று தேடித்தேடி, இப்போது ஐந்து வருடமாக ஒரு ஜாடியும் கெடவில்லை. அந்தச் செய்முறைதான் இது.

இணையத்தில் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. புகையிலை காய்ந்துவிடுமே என்பதுதான் அவர்கள் கவலை. திருவான்மியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளி, மொட்டை மாடிக்கு நேர் கீழே குடியிருக்கும் எனக்குக் கவலை நேர்மாறானது.

ஏற்கெனவே பைப் பிடிக்கிறவர்களுக்காக மட்டும் எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இதைப் படித்துத் தொடங்க வேண்டாம். பத்து வருடம் பழசான புகையிலைக்கும் சுவைதான் மிருதுவாகும், கெடுதல் குறையாது. பைப்பை நிரப்புவது, பற்றவைப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

எதற்காகச் சேர்த்து வைக்க வேண்டும்?

இரண்டு காரணம். ஒன்று, பிடித்த கலவை எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகும். 2018-இல் அமெரிக்காவின் மெக்லெலண்ட் கம்பெனி கடையை மூடியது. அதே வருடம் டன்ஹில் பெயரில் வந்துகொண்டிருந்த பைப் புகையிலைகளும் நின்றன. டன்ஹில் கலவைகள் பிறகு பீட்டர்சன் பெயரில் திரும்பி வந்தன, மெக்லெலண்ட் வரவே இல்லை. நமக்கோ கடையில் கிடைப்பதே குறைவு. வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தீர்வை இல்லாமல் கொண்டுவரக்கூடியது 125 கிராம் புகையிலைதான். அதாவது 50 கிராம் டின் இரண்டு. மூன்றாவது டின்னைக் கொண்டுவரச் சொல்லி மச்சானைச் சுங்கத்தில் மாட்டிவிடாதீர்கள்.

இரண்டாவது காரணம் சுவை. பழைய புளிக்கும் பழைய அரிசிக்கும் நம் வீடுகளில் இருக்கும் மரியாதை தெரியும்தானே, இதுவும் அந்த ரகம். இலையைப் பாடம் செய்வது தொழிற்சாலைக்காரன் வேலை. ஆனால் அதோடு மாற்றம் நின்றுவிடுவதில்லை. இலையில் உள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் மூடிய ஜாடிக்குள் மெதுவாக வினைபுரிந்துகொண்டே இருக்கும். காரம் தணியும், இனிப்பு மேலே வரும், நிறம் கறுக்கும்.

எதைப் போடலாம், எதை வேண்டாம்

வர்ஜீனியாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். சர்க்கரை அதிகம் உள்ள இலை அதுதான். பெரீக் கலந்த வர்ஜீனியா இன்னும் நல்லது. லூயிசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பகுதியில் பீப்பாய்க்குள் அழுத்தி நொதிக்க வைக்கிற இலை பெரீக். காலம் போகப்போக அதன் மிளகுக் காரம் தணிந்து உலர்ந்த பழத்தின் சாயல் வரும். லட்டாக்கியா புகைபோட்டு எடுத்த இலை. பழசாகப் பழசாக அதன் புகை வாசனை மங்கும். அந்த முரட்டு வாசனைதான் உங்களுக்குப் பிடிக்கும் என்றால் அதைச் சேர்த்து வைக்காமல் பிடித்துத் தீர்த்துவிடுங்கள். பர்லி என்ற இலையில் சர்க்கரை மிகக் குறைவு, பெரிய மாற்றம் இருக்காது. வெனிலா, செர்ரி என்று எசென்ஸ் ஏற்றிய வகைகளைப் பழசாக்குவது வெட்டி வேலை. எசென்ஸ் பறந்துபோய் வெறும் பிசுபிசுப்புதான் மிஞ்சும்.

ஃப்ளேக், கேக் என அழுத்திய வடிவங்கள் உதிரியை விட நன்றாகப் பழுக்கும் என்பது என் அனுபவம்.

படி 1: டின்னை நம்பாதீர்கள்

"டின்னைத் திறக்காமல் அப்படியே வை" என்பார்கள். மற்ற ஊர்களில் சரியாக இருக்கலாம். நம் உப்புக்காற்றில் ஜன்னல் கம்பியே என்ன கதிக்கு ஆளாகிறது என்று பாருங்கள். மெல்லிய தகட்டில் செய்த சதுர டின்களின் ஓரத்தில் குண்டூசி முனை அளவு துரு விழுந்தால் போதும், உள்ளே இருக்கும் காற்றில்லாத நிலை போய்விடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் சதுர டின்களை வந்த மாதமே திறந்து ஜாடிக்கு மாற்றிவிடுவேன். வட்ட டின்னையும், இழுத்துத் திறக்கும் வளையம் வைத்த தகர டப்பாவையும் ஒரு வருடம் விட்டுவைப்பேன், அதற்கு மேல் இல்லை.

படி 2: ஜாடி

கண்ணாடி, திருகு மூடி, மூடிக்குள் ரப்பர் போன்ற பூச்சு. இவ்வளவுதான் வேண்டும். மேசன் ஜாடி என்று இணையத்தில் விற்பதை வாங்கலாம், விலைதான் கொஞ்சம் அதிகம். பாரிமுனைப் பக்கத்து பாட்டில் கடைகளில் தேன் பாட்டில் மாதிரி கிடைப்பதே எனக்குப் போதுமானதாக இருக்கிறது. 250 மில்லி ஜாடியில் 50 கிராம் டின் ஒன்று அடங்கும், அரை லிட்டரில் இரண்டு. சின்ன ஜாடிதான் என் கட்சி. பெரிய ஜாடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதுக்காற்று புகுந்து மொத்தச் சரக்கும் பாதிக்கும்.

பிளாஸ்டிக் டப்பா கூடவே கூடாது, வாசனை மெல்ல மெல்லக் கசிந்துவிடும். அம்மாவின் பீங்கான் ஜாடி பார்க்க அழகு, ஆனால் மூடி இறுகாது. ஊறுகாய் வந்த பழைய பாட்டிலைக் கழுவி எடுத்துக்கொள்ளலாமே என்றால், கண்ணாடியில் வாசனை போய்விடும், மூடியில் போகாது. பெருங்காய மணத்தோடு ஒரு வர்ஜீனியா பிடித்திருக்கிறேன். வேண்டாம்.

மூடி இறுகுகிறதா என்று பார்க்க, பாதி தண்ணீர் ஊற்றி மூடி, காகிதத்தின் மேல் கவிழ்த்து ஒரு இரவு வையுங்கள். காலையில் காகிதம் காய்ந்திருந்தால் ஜாடி பாஸ். அப்புறம் வெந்நீரில் கழுவி வெயிலில் காயவைத்து, முழுக்க ஆறிய பிறகே எடுக்க வேண்டும். ஊறுகாய் போடும்போது ஈரக்கை படக்கூடாது என்று பாட்டி விரட்டுவாளே, அந்தச் சட்டம் அப்படியே இங்கேயும்.

படி 3: ஈரப்பதம் (நான் விழுந்த குழி)

டின்னிலிருந்து வரும் புகையிலை பல நேரம் தேவைக்கு மேல் ஈரமாகவே இருக்கும். குளிர்நாட்டில் அதை அப்படியே ஜாடியில் போட்டாலும் தப்பித்துவிடலாம். பெரும்பாலும் 30 டிகிரியை ஒட்டியே இருக்கும் நம் அறையில் அந்த ஈரம் பூஞ்சைக்கு விருந்து. ஆகவே கொஞ்சம் காயவைத்த பிறகே போட வேண்டும் என்பது வரை அன்றைக்கே எனக்குத் தெரியும். செய்தித்தாள் விரித்து, புகையிலையைப் பரப்பி, மின்விசிறியைப் போட்டு, ஒரு மணி நேரம் காயவைத்தேன். பிறகு ஜாடியில் போட்டு மூடினேன். சரியாகத்தானே செய்திருக்கிறேன்?

அது ஐப்பசி அடைமழை. அறைக்குள் காற்றின் ஈரப்பதமே 80 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கும். அந்தக் காற்றில் புகையிலை காயாது, ஈரத்தை உறிஞ்சும். மழைக்காலத்தில் அப்பளம் நமுத்துப்போவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உறைக்கவில்லை பாருங்கள். ஒரு மணி நேரம் நான் அதைக் காயவைக்கவில்லை, நமுக்க வைத்திருக்கிறேன். தப்பிய ஒரு ஜாடி, டின்னிலிருந்து நேராகப் போட்டது!

இப்போது செய்வது இது. ஏசி அறையில் கதவைச் சாத்தி, ஏசியை டிரை மோடில் போட்டு, அரை மணி நேரம் ஓடவிடுவேன். அறைக்காற்று வறண்ட பிறகு புகையிலையை அகலத் தட்டில் பரப்புவேன். மின்விசிறி வேண்டாம், உதிரி வகை அறை முழுக்கப் பறக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை எடுத்து விரலிடுக்கில் அழுத்திப் பார்க்க வேண்டும். உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம். விட்டதும் மெதுவாக விரிந்தால் சரியான பதம். நொறுங்கினால் தாண்டிவிட்டீர்கள். உதிரிக்கு இருபது நிமிடம், ஃப்ளேக்குக்கு ஒரு மணி நேரம் கூட ஆகும்.

விரல் பதம் பிடிபடும் வரை ரிச்சி தெருவில் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், சில நூறு ரூபாய்தான். அதை ஜாடிக்குள் புகையிலையோடு போட்டு மூடி, ஒரு நாள் கழித்துப் பாருங்கள். 60-க்கும் 65 சதவீதத்துக்கும் நடுவில் காட்டினால் மூடிவிடலாம். 70-ஐத் தாண்டினால் மறுபடி தட்டுக்கு. மலிவுக் கருவி நாலைந்து புள்ளி முன்பின் காட்டும். ஒரு குப்பி மூடியில் உப்பை எடுத்துச் சில சொட்டுத் தண்ணீர் விட்டுச் சேறாக்கி, கருவியோடு சேர்த்து மூடிய டப்பாவில் எட்டு மணி நேரம் வையுங்கள். 75 காட்ட வேண்டும். எத்தனை கூடுகிறது அல்லது குறைகிறது என்று பார்த்து, கூடினால் கழித்தும் குறைந்தால் கூட்டியும் கொள்ளுங்கள்.

ஏசி இல்லாதவர்கள் கத்திரி வெயில் வரை பொறுத்திருக்கலாம். மே மாதப் பகலில், கடற்காற்று வருவதற்கு முன், மேற்கிலிருந்து வறண்ட காற்று அடிக்கும். நிழலில் பதினைந்து நிமிடம் போதும். அதற்கு மேல் மறந்தால் பொடிதான்.

படி 4: நிரப்பி, எழுதி, மூடுங்கள்

திணிக்க வேண்டாம், லேசாக அமுக்கினால் போதும். மேலே விரற்கடை காற்று இருக்கட்டும். தொடக்கத்து மாற்றங்களுக்குக் கொஞ்சம் காற்று தேவை. வெற்றிட இயந்திரத்தை நான் பயன்படுத்துவதில்லை, அவசியமும் இல்லை. காகிதப் பட்டையில் பெயர், எடை, மூடிய தேதி. பென்சிலால் எழுதுங்கள், மை வியர்வைக் கையில் அழியும்.

படி 5: எங்கே வைப்பது

பரணில் வைக்காதீர்கள். எல்லாரும் முதலில் பரணைத்தான் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். மாடி வீட்டுத் தளத்துக்குக் கீழே மே மாதத்தில் கை வைத்துப் பாருங்கள், சுட்டுவிடும். சூட்டில் வினைகள் வேகமாகும் என்பது உண்மைதான், ஆனால் பழுப்பது வேறு, வேகுவது வேறு. பரணில் ஒரு கோடை இருந்த ஜாடியில் எல்லாம் ஒரே மாதிரிக் கருகல் சுவை. இப்போது என் ஜாடிகள் படுக்கையறையில், வடக்குச் சுவர் ஓரம், மர அலமாரியின் நடுத் தட்டில், அட்டைப்பெட்டிக்குள் இருக்கின்றன. வெளிச்சம் படக்கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டவும் கூடாது. நிகோடின் விஷம், இதில் விளையாட்டு வேண்டாம்.

ஆறு மாதம் தொடாமல் இருங்கள். வர்ஜீனியாவில் ஒரு வருடத்திலேயே வித்தியாசம் தெரியும், ஐந்து வருடத்தில் நன்றாகத் தெரியும். வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்க்கலாம், திறக்காதீர்கள்.

சேர்க்கை 1: வேளச்சேரி நண்பர் ஒருவர் கேட்டது. மிக்ஜாம் வெள்ளத்தில், 2023 டிசம்பரில், அவருடைய கீழ்த்தட்டு ஜாடிகள் மூழ்கிவிட்டன. உள்ளே தண்ணீர் போகவில்லை, பிடிக்கலாமா? சாக்கடை கலந்த நீரில் ஊறிய மூடியைத் திருகும்போது மரையில் தங்கியது உள்ளே விழாமல் இருக்காது. மனசு வலித்தாலும் வீசிவிடுங்கள் என்றேன். தரைத்தளத்தில் இருப்பவர்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் வையுங்கள்.

சேர்க்கை 2: ஈரப்பதம் காக்கும் பாக்கெட் போட வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். மூடி இறுகினால் வேண்டாம். அடிக்கடி திறக்கும் ஜாடிக்கு மட்டும் போடுங்கள்.

சேர்க்கை 3: ஒருவர் நாட்டு இலையை வாங்கி நறுக்கி ஜாடி போட்டிருக்கிறார். மூன்றே மாதத்தில் உள்ளே சின்னப் பழுப்பு வண்டுகள். உங்கள் வீட்டு மஞ்சள்தூளிலும் மல்லித்தூளிலும் வருமே, அதே வண்டுதான், அதன் பெயரே சிகரெட் வண்டு. நம் ஊர்ச் சூட்டில் முட்டை தானாகப் பொரியும். டின்னில் வருவதில் இந்தத் தொல்லையை நான் பார்த்ததில்லை, பதப்படுத்தாத இலையில் சகஜம். இலையைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் ஒரு வாரம், பிறகு கீழ்த்தட்டில் ஒரு நாள், வெளியே ஒரு நாள். அதற்குப் பிறகே பையைத் திறக்க வேண்டும். குளிர்ந்த இலையைப் புழுக்கத்தில் திறந்தால் வேர்த்துவிடும், மறுபடி மூன்றாம் படிக்குப் போக வேண்டியதுதான்.

பையின் மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். எங்கள் வீட்டில் காய்ந்த வெந்தயக்கீரை என்று நினைத்து எடுத்துவிட்டார்கள். குருமாவில் விழுவதற்கு முன் வாசனை காட்டிக்கொடுத்தது.