‘டென்ஷன்தான், சரியாயிடும்’: மலையில் உழைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் பாதையில் வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதலில் சொல்லித்தருவது, ஏறின கியரிலேயே இறங்க வேண்டும் என்பது. நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி வந்தால் வளைவுக்கு வளைவு லைனிங் சூடேறிக்கொண்டே போகும். கருகல் வாடை வரும். பர்லியாறு வருவதற்குள் மிதித்தாலும் பிடிக்காமல் போகலாம். நல்ல பிரேக்தான், ஆறுவதற்கு இடைவெளி கிடைக்காததால் கைவிட்டுவிடுகிறது.

மன அழுத்தம் உடம்பைக் கெடுப்பதும் இப்படித்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் விடிகாலையில் வேலைக்குப் போகிறவர் எதிரே யானை வந்து நின்றால், சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகள் நொடியில் அட்ரினலினைக் கொட்டும். நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை கால் தசைகளுக்கு ரத்தம் பாயும், வயிற்று வேலை நிற்கும். சில நிமிடங்களில் அதே சுரப்பிகளின் இன்னொரு ஹார்மோனான கார்டிசால் சேர்ந்துகொண்டு ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். ஓடித் தப்பிக்கத் தேவையானதெல்லாம் இதில் இருக்கிறது. யானை காட்டுக்குள் போனதும் எல்லாம் இறங்கிவிடும். இதனால் உடம்புக்குக் கேடு இல்லை.

பச்சைத் தேயிலைக்குக் கட்டாத விலை, வாராவாரம் வரும் குழுக்கடன் தவணை, சீசனில் நள்ளிரவிலும் அடிக்கும் போன் ஆகியவை அப்படி விலகிப் போவதில்லை. யானைக்கு ஏறிய அதே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இவற்றுக்கும் ஏறுகின்றன, ஆனால் இறங்குவதில்லை. மாதக்கணக்கில் இது நீடிக்கும்போதுதான் தூக்கம், செரிமானம், ரத்தக்குழாய், நோய் எதிர்ப்பு எல்லாம் ஒவ்வொன்றாகத் தளர்கின்றன. ஆகவே உடம்பை ஏறவே விடாமல் வைப்பது எப்படி என்று யோசிப்பதைவிட, ஏறினதை இறக்கிவிட வழி இருக்கிறதா என்று பார்ப்பதே பயன் தரும். கீழே சொல்லும் தவறுகளில் பல, அந்த இறக்கத்தைக் கெடுப்பவை.

எதற்கெடுத்தாலும் டென்ஷன் என்று முடிவு கட்டுவது

மலையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இது. அசதி, படபடப்பு, தலைவலி, எரிச்சல் என்றதும் வீட்டுக் கவலை என்று சொல்லிவிடுகிறார்கள். இதே அறிகுறிகளோடு வரும் வேறு கோளாறுகள் நிறைய உண்டு, அவற்றில் பல எளிதாகச் சரிசெய்யக் கூடியவை.

முதலில் ரத்தசோகை. கொழுந்து மூட்டையோடு சரிவில் ஏறும் பெண்ணுக்கு நெஞ்சு படபடத்தால், ஹீமோகுளோபின் பார்க்காமல் கவலை என்று சொல்லக் கூடாது. பெண்களுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. உயரமான ஊர்களில் அந்த எல்லையை இன்னும் சற்று மேலே வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஏனென்றால் இங்கே காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதை ஈடுகட்ட ரத்தம் இயல்பாகவே கொஞ்சம் அடர்த்தியாக இருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கம் இதைக் கூட்டுகிறது. தேயிலையிலுள்ள டானின், கீரையிலும் பயறிலும் கிடைக்கும் இரும்புச்சத்தைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையே ஒரு மணி நேரம் விட்டாலே வித்தியாசம் தெரியும்.

தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, எடை கூடும், மனம் மந்தமாகும். கூடினால் கை நடுங்கும், தூக்கம் போகும், சின்ன விஷயத்துக்கும் கோபம் வரும். இரண்டுமே வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மனக்கவலை மாதிரியே தெரியும். ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை ஆகிய மூன்று ரத்தப் பரிசோதனைகளை எடுத்த பிறகு டென்ஷன் என்று சொன்னால் அதற்கு ஒரு நியாயம் இருக்கும்.

தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் ஒதுங்க இடமில்லாமல் பகல் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருப்பதும் தலைவலிக்கு ஒரு காரணம். குளிரில் தாகம் எடுக்காது என்பதால் அது தெரிவதும் இல்லை. இது அவர்கள் தவறல்ல. பறிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கழிப்பறை இல்லாதவரை தண்ணீர் குடிக்கச் சொல்வதில் பலன் இருக்காது.

இன்னொன்று உயிரோடு விளையாடுவது. டிசம்பர், ஜனவரி உறைபனி நாட்களில் கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தித் தூங்குகிறவர்கள் உண்டு. காலையில் தலை பாரமாக இருக்கும், குமட்டும், எழவே மனம் வராது. வேலை அலுப்பு என்று நினைப்பார்கள். அது கார்பன் மோனாக்சைடு நஞ்சாக இருக்கலாம். அதற்கு வாடை இல்லை, நிறமும் இல்லை. கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: ஒரே அறையில் படுத்த எல்லோருக்கும் தலைவலி இருந்து, வெளிக்காற்றில் கொஞ்ச நேரம் நின்றதும் குறைகிறதா என்று பாருங்கள். குறைந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்பதும், நெருப்பு சாம்பல் பூத்துவிட்டது, இனிப் பயமில்லை என்பதும் தவறு. படுக்கும் முன் அடுப்பு வாசலுக்கு வெளியே போய்விட வேண்டும். இரவில் தூங்கியவர்கள் காலையில் எழாமலே போயிருக்கிறார்கள்.

பிரஷரை மனநிலையை வைத்து ஊகிப்பது

‘கோபம் வருது, பிரஷர் ஏறியிருக்கும்’ என்பதும் ‘நிம்மதியா இருக்கேன், மாத்திரை எதுக்கு’ என்பதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். ரத்த அழுத்தம் 160 இருந்தாலும் பலருக்கு எதுவும் தெரியாது. கருவி வைத்துப் பார்த்தால்தான் உண்டு. அதையும் சரியாகப் பார்க்க வேண்டும்.

படியேறி வந்த மூச்சோடு நாற்காலியில் உட்கார்ந்ததும் பட்டையைச் சுற்றினால் வரும் எண்ணுக்கு மதிப்பில்லை. முன் அரை மணி நேரத்தில் டீ, காபி, சிகரெட் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வரவேண்டும். முட்டிக்கொண்டு இருந்தால் அதுவே 10 வரை ஏற்றிக் காட்டும். முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பதிய, கால்மேல் கால் போடாமல் 5 நிமிடம் பேசாமல் உட்காருங்கள். ஸ்வெட்டர் கையைச் சுருட்டி மேலே தள்ளினால் அது கையை இறுக்கும், ஆகவே கழற்றிவிடுவது நல்லது. கையை நெஞ்சு மட்டத்துக்கு மேசைமேல் வையுங்கள். தொங்கவிட்டால் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறை பாருங்கள். வேறு வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் மருத்துவர் சொல்லும் மாத்திரையைத் தொடர வேண்டும். மனசு லேசாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது.

நெஞ்சுவலிக்குக் காத்திருப்பது

பதற்றத் தாக்குதல் வரும்போது நெஞ்சு இறுகும், விரல் நுனி மரத்துப்போகும், செத்துவிடுவோம் என்றே தோன்றும். பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் மெல்லத் தணிந்துவிடும். இதயத்தின் வலி அப்படியல்ல. நடந்தால், மேடு ஏறினால் கூடும்; தாடைக்கோ இடது கைக்கோ பரவும்; குளிரிலும் வேர்க்கும். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் வலியே இல்லாமல் மூச்சுத் திணறலும் அடித்துப்போட்ட அசதியுமாக மட்டும் வரலாம்.

வீட்டில் உட்கார்ந்துகொண்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. முதல் முறை வந்தாலோ, 15 நிமிடம் தாண்டினாலோ, 40 வயது கடந்திருந்தாலோ, இவற்றில் ஒன்று இருந்தாலே 108ஐ அழையுங்கள். சோடா குடித்துப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருப்பது சமவெளியிலேயே ஆபத்து. ஹட்டியிலிருந்தோ (படுகர் ஊர்) எஸ்டேட் லைனிலிருந்தோ (தொழிலாளர் வரிசை வீடுகள்) பனிமூட்டத்தில் ஊட்டிக்கோ குன்னூருக்கோ போய்ச்சேர ஆகும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பரிசோதித்து இதயத்தில் ஒன்றும் இல்லை என்று மருத்துவர் சொன்னால் அது நல்ல செய்தி. வீணாக அலைந்தோம் என்று வெட்கப்பட ஒன்றுமில்லை.

டீ, சிகரெட், குவார்ட்டர், மாத்திரை

நான்குமே அப்போதைக்கு இதமாக இருக்கும். பிறகு இறக்கத்தைத் தடுக்கும்.

குடித்த காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 6 மணிக்குக் குடித்த ஸ்ட்ராங் டீ இரவு 11 மணிக்கும் வேலை செய்துகொண்டிருக்கும். இரண்டு மணிக்குப் பிறகு நிறுத்திவிடுவது நல்லது. குளிருக்குச் சூடாக ஏதாவது வேண்டுமென்றால் சுக்கு மல்லிக் காபி இருக்கிறது. சிகரெட்டில் கிடைக்கும் நிம்மதி பெரும்பாலும், முந்தின சிகரெட்டின் நிக்கோட்டின் இறங்கியதால் வந்த தவிப்பு அடங்குவதுதான்.

குளிருக்கு மது என்பது உடம்பைப் பற்றிய தவறான கணக்கு. தோலின் ரத்தக்குழாய்கள் விரிவதால் சூடாகத் தோன்றும், உள்சூடு வெளியேறிக் குறையும். தூக்கம் சீக்கிரம் வரும். ஆனால் பின்னிரவில் கலைந்துவிடும், நெஞ்சு படபடக்கும், விடியும்வரை கவலை மென்று தின்னும். மறுநாள் இரவு அதற்கு மருந்தாக மறுபடியும் மது. தினமும் அதிகம் குடிப்பவர் ஒரே நாளில் நிறுத்துவதும் ஆபத்து: 2 நாளுக்குள் நடுக்கமும் வலிப்பும் வரலாம். மருத்துவரின் பார்வையில் நிறுத்த வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்த தூக்க மாத்திரை வேண்டாம். அல்பிரசோலம் வகை மாத்திரைகள் சில வாரங்களிலேயே பழகிப்போகும், திடீரென விட்டால் வலிப்பு வரலாம், காலையில் ஸ்டியரிங் பிடிக்கும்போதும் மந்தம் இருக்கும். உடம்பு வலிக்கு வெறும் வயிற்றில் போடும் டைக்ளோஃபெனாக் வயிற்றைப் புண்ணாக்கும், ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

சீசன் முடிந்து தூங்கிக்கொள்ளலாம் என்பது

ஏப்ரல், மே மாதங்களில் காட்டேஜ், ஹோட்டல், டாக்சி வேலையில் இருப்பவர்களுக்கு நாள் எப்போது முடிகிறது என்றே தெரியாது. வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதமும், இதயநோயால் இறக்கும் வாய்ப்பு 17 சதவீதமும் கூடுதல் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் மதிப்பிட்டன. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

வேலையைக் குறைக்க முடியாதவர்கள் இரண்டு செய்யலாம். படுக்கும் நேரம் மாறினாலும் எழும் நேரத்தை மாற்றாதீர்கள்; கார்டிசால் எழுந்த அரை மணி, முக்கால் மணியில் உச்சத்துக்குப் போய் நள்ளிரவில் அடங்கும் தாளம், எழும் நேரத்தையும் காலை வெளிச்சத்தையும் பார்த்துத்தான் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. கேரட் அறுவடைக்கு நள்ளிரவிலேயே கிளம்புகிறவர்களும், இரவுச் சவாரி எடுப்பவர்களும் கிளம்பும் முன் 20 நிமிடம் கண்ணயருங்கள். அரை மணிக்கு மேல் போனால் எழும்போது மந்தம் பிடிக்கும். கவலையால் தூக்கம் வராதவர்கள் நாளை செய்ய வேண்டியதை 5 நிமிடம் காகிதத்தில் எழுதிவிட்டுப் படுத்தால் மனசு அதையே சுற்றிச் சுற்றி வருவது குறையும்.

மூச்சுப் பயிற்சியைத் தப்பாகச் செய்வது

‘நல்லா மூச்சை இழு’ என்று சொல்லிப் பதற்றத்தில் இருப்பவரை மேலும் கெடுக்கிறோம். வேகமாக ஆழ இழுத்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் மரக்கும், பயம் கூடும். இதயத் துடிப்பைக் குறைப்பது வெளியே விடும் மூச்சுதான். மூக்கால் 4 எண்ணும்வரை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள், சூடான டீயை ஊதுகிற மாதிரி. நிமிடத்துக்கு 6 மூச்சு, 5 நிமிடம். பதற்றம் வந்த பிறகு முதல் முறையாகப் பழகினால் வராது. சும்மா இருக்கும்போது பழகி வைத்திருக்க வேண்டும்.

மனச்சோர்வையும் இதே பெயரால் அழைப்பது

‘மன அழுத்தம்’ என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு நிலைகளுக்கும் பயன்படுத்துவதால் தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. சுமை குறைந்ததும், இரண்டு நாள் ஓய்வு கிடைத்ததும் தெளிந்தால் அது அழுத்தம். நல்ல விலை வந்தும், பிள்ளைகள் வீட்டுக்கு வந்தும் மனம் அசையவில்லை, எதிலும் ஆசையில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, 2 வாரமாக இப்படியே என்றால் அது மனச்சோர்வு. அது சிகிச்சையால் குணமாகும் நோய். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். ‘தைரியமா இரு’ என்ற சொல் அதற்கு மருந்தாகாது.

‘சாகணும்னு தோணுதா?’ என்று நேராகக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி ஆவதில்லை, கேட்டதும் பலர் மனம்விட்டுப் பேசுவார்கள். போலீஸ் கேஸ் ஆகும் என்ற பயத்தில் மறைக்கவும் வேண்டாம்: 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், உயிரை மாய்க்க முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருதி உதவவே சொல்கிறது. தேயிலைக்கும் காய்கறிக்கும் அடிக்கும் மருந்து டப்பாக்களை அன்றைக்கே வீட்டிலிருந்து எடுத்து, பூட்டு உள்ள வேறொருவர் இடத்தில் வையுங்கள். அந்த வேகம் பலருக்குச் சிறிது நேரமே இருக்கும், கைக்கெட்டாமல் இருந்தால் அது கடந்துபோக வழி கிடைக்கும். பிறகு 14416க்குப் போன் போடுங்கள். அது அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. லைன் வீட்டுச் சுவர் வழியே பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று தயங்கினால், அவரை வாசலுக்கு அழைத்துப் போய்ப் போனைக் கையில் கொடுத்து, பேசி முடிக்கும்வரை கண்ணில் படும் தூரத்தில் நில்லுங்கள்.