உங்கள் ரூட்டரின் லாகின் பக்கம் வெளியிலிருந்து திறக்கிறதா? ஐந்து நிமிடத்தில் பாருங்கள்

வைஃபையில் இருக்கும்போதே 'வாட் இஸ் மை ஐபி' என்று தேடி, வருகிற ஐபிவி4 எண்ணை, அதாவது புள்ளி வைத்துப் பிரித்த நான்கு எண்களாக வரும் உங்கள் வீட்டு இணைய முகவரியை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள் (இணையத்தை வேறொரு சர்வர் வழியாகச் சுற்றிவிடும் விபிஎன் ஓடிக்கொண்டிருந்தால் முதலில் அதை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் வேறு யாருடைய எண்ணோ வரும்). அப்புறம் போனில் வைஃபையை அணைத்துவிட்டு, மொபைல் டேட்டாவில் அந்த எண்ணை பிரவுசரில் அடியுங்கள். எச்டிடிபி, எச்டிடிபிஎஸ் இரண்டிலும் பாருங்கள், பிறகு எண்ணுக்குப் பின்னால் :8080, :8443 சேர்த்தும் பாருங்கள் (இவை போர்ட் எண்கள், ஒரே முகவரியில் இருக்கும் வெவ்வேறு கதவுகள் மாதிரி). எதுவும் திறக்கவில்லையா, நல்லது. ரூட்டரின் மாடல் பெயரோடு யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்டு ஒரு பக்கம் வந்து நின்றால், அதே பக்கம் உலகத்தில் எவனுக்கும் வரும்.

மொபைல் டேட்டா எதற்கு என்றால், வீட்டு வைஃபையிலிருந்து வெளி ஐபியை அடித்தாலும் பல ரூட்டர்கள் உள்ளேயே திருப்பிவிட்டு லாகின் பக்கத்தைக் காட்டிவிடும். அதைப் பார்த்துப் பதறுபவர்கள் உண்டு. வாசல் பூட்டியிருக்கிறதா என்று தெருவில் நின்றுதான் தள்ளிப் பார்க்க வேண்டும்.

'என் ஐபி யாருக்குத் தெரியப்போகிறது' என்று நினைக்காதீர்கள். யாரும் உங்களைத் தேடி வருவதில்லை, எல்லாரையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வேகமான இணைப்பு இருந்தால் ஐபிவி4 முகவரிகள் மொத்தத்தையும் ஒரு மணி நேரத்துக்குள் தட்டிவிடலாம் என்று 2013-லேயே சீமேப் என்ற கருவி காட்டிவிட்டது. ஷோடான் போன்ற தேடுபொறிகள் கிடைத்ததையெல்லாம் பட்டியல் போட்டே வைத்திருக்கின்றன. அதனால் போர்ட் எண்ணை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருப்பது வீண்.

உள்ளே வந்தவன் முதலில் கை வைக்கிற இடங்களில் ஒன்று டிஎன்எஸ், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் ஐபி எண்ணைச் சொல்லும் சர்வர். ரூட்டரில் அந்த சர்வரின் எண்ணை மாற்றினால் போதும், ரூட்டர் சொல்வதை நம்பும் போன், டிவி, லேப்டாப் எல்லாமே அவன் காட்டுகிற வழியில் போகும். வங்கியின் முகவரியை நீங்கள் சரியாகத்தான் அடித்திருப்பீர்கள், திறப்பது வேறு இடமாக இருக்கும். அப்போது பிரவுசர் சான்றிதழ் சரியில்லை என்று கத்தும், பழக்கதோஷத்தில் 'பரவாயில்லை, தொடர்' என்று அழுத்திவிடாதீர்கள்.

சரி, மூடுவது எப்படி? மறுபடி வைஃபைக்கு வந்து ரூட்டரின் உள் முகவரியை பிரவுசரில் அடியுங்கள்: 192.168.1.1 அல்லது 192.168.0.1, இரண்டும் இல்லையென்றால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரி. உள்ளே போய் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அல்லது 'வெப் ஆக்சஸ் ஃப்ரம் வான்' என்று இருப்பதை அணையுங்கள் (இந்த வான் என்பது இணையம் வருகிற பக்கம், ஆகாயம் இல்லை). டெல்நெட், எஸ்எஸ்எச் (கட்டளை அடித்து ரூட்டரை இயக்கும் வழிகள்) வெளியே திறந்திருந்தால் அதையும் மூடுங்கள். 2016-ல் மிராய் என்ற வைரஸ் பரவியது டெல்நெட் வழியாகத்தான்; அட்மின், அட்மின் மாதிரி அறுபது சொச்சம் யூசர்நேம்-பாஸ்வேர்டு ஜோடிகளை வைத்துக்கொண்டே லட்சக்கணக்கான கருவிகளைப் பிடித்துவிட்டது.

பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், ஆனால் அது மட்டும் போதாது. பாஸ்வேர்டே கேட்காமல் உள்ளே விடுகிற ஓட்டைகள் பல மாடல்களில் வந்திருக்கின்றன, கதவு வெளியே தெரியாமல் இருப்பதுதான் முதல் காப்பு. போர்ட் ஃபார்வர்டிங் (வீட்டுக் கருவிக்கு நாமே வெளியே திறந்துவிடும் கதவு), யுபிஎன்பி (கருவிகள் தாமாகவே கேட்டுத் திறந்துகொள்ளும் கதவு) பட்டியலையும் ஒரு பார்வை பாருங்கள். ஒரு உறவினர் வீட்டில் நான் சோதித்தபோது 8080-ல் திறந்தது ரூட்டரே இல்லை, கேமராவின் லாகின் பக்கம். மாட்டியவர் 'வெளியூரிலிருந்தும் பார்க்கலாம்' என்று திறந்துவிட்டுப் போயிருந்தார். வெளியிலிருந்து பார்த்தே ஆக வேண்டும் என்றால் ரூட்டரிலேயே வயர்கார்டு போன்ற விபிஎன் (வெளியிலிருந்து வீட்டு நெட்வொர்க்குக்குள் வர பூட்டுப் போட்ட தனி வழி) இருக்கிறதா பாருங்கள்.

ஏற்கெனவே திறந்திருந்ததா? அப்படியானால் மூடுவதோடு விடாதீர்கள், ஒரு தடவை அணைத்துப் போடுவதும் உதவாது. மிராய் ரீபூட்டில் போய்விடும், ஆனால் கதவு திறந்திருந்தால் திரும்ப வந்துவிடும். 2018-ல் 54 நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் கருவிகளில் புகுந்த விபிஎன்ஃபில்டர் என்ற வைரஸ் ரீபூட்டுக்கும் தப்பி உள்ளேயே இருந்தது. ஆகவே ஃபேக்டரி ரீசெட்தான். அதற்கு முன் இணைய நிறுவனம் இணைப்புக்குக் கொடுத்த பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு, விலான் எண் மூன்றும் ரூட்டரில் இருந்தால் எழுதி வையுங்கள், இல்லையென்றால் ரீசெட் ஆன பிறகு இணையம் வராமல் உட்கார்ந்திருப்பீர்கள். பின்புறத் துளையில் ஊசியை வைத்து விளக்குகள் எல்லாம் ஒருமுறை அணைந்து எரியும் வரை அழுத்துங்கள், பத்துப் பதினைந்து வினாடி ஆகலாம். பிறகு முதல் வேலையாக புது பாஸ்வேர்டு, அடுத்து ஃபர்ம்வேர் (ரூட்டரை இயக்கும் மென்பொருள்) அப்டேட், அப்புறம் ரிமோட் மேனேஜ்மென்ட் அணைந்துதான் இருக்கிறதா என்று மறுபடி பாருங்கள், சில மாடல்களில் ரீசெட் செய்தால் பழையபடி ஆன் ஆகிவிடும்.

அந்த மெனுவே உங்களுக்குத் தெரியவில்லை என்றால் இணைய நிறுவனம் பூட்டி வைத்திருக்கலாம். போன் போட்டு 'வெளியிலிருந்து லாகின் பக்கம் திறக்கிறது, மூடுங்கள்' என்று சொல்லுங்கள், மூடிவிட்டோம் என்று அவர்கள் சொன்ன பிறகும் ஒரு தடவை மொபைல் டேட்டாவில் அடித்துப் பாருங்கள்.