கண்ணுக்குள் ஊசி போட்ட பிறகு

சலரோகத்தால் விழித்திரையில் நீர் கோர்த்தவர்களுக்கு அவாஸ்டின் போன்ற ஊசியைக் கண்ணுக்குள்ளேயே போடுவார்கள். துளிமருந்து விட்டுக் கண்ணை விறைக்கப் பண்ணிவிட்டுத்தான் ஏற்றுவார்கள், பயப்படாதீர்கள். கவனம் வேண்டியது அதற்குப் பிறகு. கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கிரவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்புவதென்றால் கண்ணாடி கட்டாயம். சில நாளைக்குக் குளத்தில் முழுக வேண்டாம். கிணற்றடியில் அள்ளி வார்த்தாலும் கழுத்துக்குக் கீழேதான். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் எதையும் கண்ணில் விடவே கூடாது.

வெள்ளை முழியில் சின்னச் சிவப்புத் திட்டு தானாக மாறும். ஆனால் நோவு கூடிக்கொண்டு போனால், வெளிச்சம் கூசினால், பார்வை மங்கினால், உள்ளே கிருமி பிடித்திருக்கலாம். அடுத்த கிளினிக் திகதி வரை பொறுக்காமல், இரவென்றாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.